அப்பாவின் தலையும் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஹெல்மெட்டும்

ஞாயித்துக்கிழமை காலைல ஏழு, ஏழரைக்கு எங்க ஊர் முக்கு டீக்கடையில உக்காந்திருந்தா ஒரு வேடிக்கை பாக்கலாம். கோயமுத்தூர்ல இருந்து அன்னூர், புளியம்பட்டி வழியா சைக்கிள்காரங்க கூட்டமா வருவாங்க. உடம்போட ஒட்டின சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலைல ஓட்டை ஓட்டையா ஒரு ஹெல்மெட். சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரி, அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறித் திம்பம் போவாங்க. எங்க கடையில நிறுத்தி ஆளுக்கொரு டீ, ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க.

அவங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் சிரிப்பு ஆரம்பிக்கும். "தாம்பு ஓட்டற மாட்டுக்குக் கட்டற வாய்க்கூடையத் தலையில மாட்டிட்டுப் போறாங்க பாரு" என்பார் ஒருத்தர். "சைக்கிளுக்கு எதுக்குங்க ஹெல்மெட்டு? அப்ப நடந்து போறவனும் போடோணுமில்ல?" என்பார் இன்னொருத்தர். உண்மையைச் சொன்னா அதுல சத்தமா சிரிச்சவன் நான்தான். நாலு வயசுல குரங்குப் பெடல் போட ஆரம்பிச்சவனுக்கு, சைக்கிளும் ஒரு வண்டி, அதுல இருந்து விழுந்தா உயிருக்கு ஆபத்துன்னு ஒருத்தர் சொன்னா சிரிப்பு வராம என்ன செய்யும்? முழங்கால் சிராய்ப்பு, கொஞ்சம் மண்ணு, அதுமேல எச்சில். அவ்வளவுதானே நமக்குத் தெரிஞ்ச சைக்கிள் விபத்து.

போன வருசம் ஐப்பசிக்கு அப்புறம் நான் அந்தச் சிரிப்புல சேந்துக்கிறதில்லை. ஏன்னு சொல்றேன்.

அப்பாவுக்கு 72 வயசு. ஒரு 22 இஞ்ச் கறுப்பு சைக்கிள் வெச்சிருக்கார். நான் பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது. டயர், டியூப், பெடல், செயின், சீட்டு எல்லாம் பலமுறை மாத்தியாச்சு. பிரேமும் ஹேண்டில்பாரும் மட்டும்தான் பழசு. காலைலயும் சாயங்காலமும் கறந்த பாலை அதுலதான் சொசைட்டிக்குக் கொண்டு போவார். வரும்போது கேரியர்ல ஒரு கட்டுப் புல்லு இருக்கும். வீட்ல ஒரு மொபெட்டும் ஒரு பைக்கும் நிக்குது. தொட மாட்டார். "மிதிச்சாத்தான் சாமி காலு இருக்கும்" என்பார்.

அன்னைக்கு ராத்திரி பூரா மழை. காலைல பாலோட கிளம்பினவர், ரோட்டுல சேறா இருக்கும்னு கீழ்பவானி வாய்க்கா மேட்டு வழியாப் போயிருக்கார். மதகுக்குப் பக்கத்துல முன் சக்கரம் சேத்துல இறங்கி, அப்படியே பக்கவாட்டுல சாஞ்சுட்டார். வேகமெல்லாம் இல்லை. கிட்டத்தட்ட நின்ன மாதிரிதான். தலை மட்டும் மதகுக் கல்லுல பட்டிருக்கு.

வீட்டுக்கு வந்து முதல்ல சொன்னது, "பால் அஞ்சு லிட்டரும் போச்சு." தலைல வலது பக்கம் சின்னதா ஒரு புடைப்பு. ரத்தம் இல்லை. அம்மா மஞ்சளும் எண்ணெயும் குழைச்சுத் தடவுனாங்க. சாயங்காலம் அதே சைக்கிள்ல அவரே சொசைட்டிக்குப் போனார். நாங்க அதோட மறந்துட்டோம்.

மூணு வாரம் போச்சு. அப்பா பகல்ல தூங்க ஆரம்பிச்சார். தலைவலின்னு ரெண்டு தடவை சொன்னார். மல்லி பறிக்க வந்தவங்களுக்கு ஒரே கூலியை ரெண்டு முறை குடுத்துட்டார். வயசாகுதுன்னு நினைச்சேன். இந்த வார்த்தையை நல்லா கவனிங்க. வயசான வீட்ல என்ன நடந்தாலும் நாம போட்டு மூடுற மூடி இதுதான்.

கவனிச்சது என் மனைவி. "ஏனுங்க, மாமாவுக்கு எடது கால்ல செருப்பு நழுவுது. அது தெரியாமயே நடக்கறாங்க" என்று சொன்னாள். பாத்தா நிஜம். செருப்பு வாசல்ல, அப்பா களத்துல. கால் லேசா இழுக்குது. அன்னைக்கே கார் வெச்சுக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடந்த ரெண்டு மாசத்துல எங்கயாவது கீழ விழுந்தாரா?"

"இல்லைங்க டாக்டர்" என்று சொன்னேன். அவ்வளவு சுத்தமா மறந்திருந்தேன். அம்மாதான், "வாய்க்கா மேட்ல சைக்கிளோட உழுந்தாருங்களே" என்று மெதுவாகச் சொன்னாங்க.

ஸ்கேன்ல தெரிஞ்சுது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல வலது பக்கம் ரத்தம் தேங்கி மூளையை அமுக்கிட்டு இருந்துச்சு. வலது பக்கம் அமுக்கினா இடது கால்தான் இழுக்குமாம். டாக்டர் பொறுமையா விளக்கினார். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதை மேல் உறையோட சேக்கிற மெல்லிசான ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிக்கும். சின்ன அடி பட்டாலே அதுல ஒண்ணு அறுந்துடலாம். ரத்தம் குபுகுபுன்னு வராது, சொட்டுச் சொட்டாக் கசியும். ரெண்டு மூணு வாரம், சிலருக்கு ஒரு மாசத்துக்கு மேல கூட ஆகும், வெளிய தெரியறதுக்கு. அப்பா இதயத்துக்குன்னு ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை தினமும் போடறவர். அது இன்னும் மோசம்.

மண்டையில ரெண்டு சின்ன ஓட்டை போட்டு ரத்தத்தை வடிச்சாங்க. மறுநாள் கண்ணைத் திறந்து அவர் கேட்டது, "கீழ்க்காட்டு வாழைக்கு முட்டுக் குடுத்தாச்சா?" அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இன்னொரு வாரம் வயசுன்னு நினைச்சுட்டு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்லலை. நானும் கேக்கலை.

வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ஹெல்மெட் போட்டிருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?"

அவர் நேர்மையான மனுசன். "வந்தே இருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். தலை குலுங்கினாலே சில பேருக்கு வரலாம். ஆனா கல்லுல நேரா பட்ட அடி பாதியாக் குறைஞ்சாலும் லாபம்தானே?" என்றார்.

நான் வாழை வெக்கிறவன். அதனால ஹெல்மெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்ததும் எனக்குச் சட்டுனு புரிஞ்சது. தாரை லாரியில ஏத்தும்போது அடியிலயும் நடுவுலயும் வாழைச்சருகு போட்டு அடுக்குவோம். குண்டுல வண்டி தூக்கிப் போட்டா அந்த அடியை வாங்கி சருகு நசுங்கும், காய் தப்பிக்கும். சருகு போடாத தாரு சந்தைக்குப் போறப்ப மேல் தோல் பாக்க நல்லாத்தான் இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுப் பழுக்கும்போதுதான் உள்ள கறுத்திருக்கறது தெரியும். அப்பாவோட தலை மாதிரி. சைக்கிள் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிற தெர்மாகோல் அந்தச் சருகுதான். அது நசுங்கறதுக்குன்னே செஞ்சது. அதனால ஒரு தடவை நல்லா அடி வாங்கின ஹெல்மெட்டை, வெளிய ஒரு கீறலும் இல்லைன்னாலும், தூக்கிப் போட்டுடணும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன். ஐரோப்பாவுல சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிக்கறதுக்கு அதைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து இரும்புப் பட்டைமேல விழ வெப்பாங்க. கீழ வந்து மோதும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் இருக்கும். சைக்கிள்ல உக்காந்திருக்கிறவர் தலை தரையில இருந்து ஏறக்குறைய அந்த உயரம்தான். அதாவது அந்தச் சாமானை மனுசன் சைக்கிள்ல இருந்து கீழ விழறதுக்காகச் செஞ்சிருக்காங்க. 60, 70 வேகத்துல வர்ற கரும்பு லாரிக்காகச் செய்யலை. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி வேணும்.

அப்பா தேறினதும் எங்க வீட்ல பெரிய சண்டை. சைக்கிளைத் தூக்கி அட்டாலில போட்டுடலாம்னு நான். அம்மாவும் என் பக்கம். அப்பா ஒண்ணும் பேசலை. ஆனா நாலு மாசம் திண்ணையில உக்காந்த மனுசன் பத்து வயசு கூடிப் போனார். சாப்பாடு குறைஞ்சது. யார்கிட்டயும் பேச்சில்லை. சொசைட்டியில பால் ஊத்தறதுக்கு அஞ்சு நிமிசம்னா அங்க உக்காந்து ஊர்க்கதை பேசறதுக்கு ஒரு மணி நேரம். அதுதான் அவருக்குச் சைக்கிள் குடுத்த வாழ்க்கைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. தலையைக் காப்பாத்தறேன்னு ஆளை உக்கார வெச்சுட்டேன்.

மாசி மாசம் ஈரோடு போனப்ப ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு சைக்கிள் ஹெல்மெட் வாங்கிட்டு வந்தேன். "இதைப் போட்டா சைக்கிளைத் தொடலாம். இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்." அதுதான் பேரம்.

"காது கேக்காதேடா" என்றார். அவர் பாத்ததெல்லாம் பைக் ஹெல்மெட். இதைக் கையில குடுத்தேன். தூக்கிப் பாத்தார். கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். காது மூடலை, காத்து போக ஓட்டை. "கூடை மாதிரி இருக்குது" என்று சொல்லிட்டு மாட்டினார். உருமாலைக்கு மேல. உருமாலையைக் கழட்ட வெக்கறதுக்கு இன்னும் அரை மணி நேரம். தலையோட ஒட்டி நிக்கணும், புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம், தாடைக்குக் கீழ வாருல ரெண்டு விரல் நுழையற மாதிரி இறுக்கம். உள்ள துணி சுத்தி மாட்டினா விழும்போது அது ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

முதல் நாள் டீக்கடையில சிரிச்சாங்க. நான் சிரிச்ச அதே சிரிப்பு. அப்பா நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டி, மொட்டைத் தலையில இருந்த ரெண்டு தழும்பைக் காட்டிட்டு மறுபடி மாட்டிட்டுப் போனாராம். அதுக்கப்புறம் அவரைப் பாத்து யாரும் சிரிக்கறதில்லை.

இதோட கதை முடிஞ்சிருந்தா, "எல்லாரும் எப்பவும் ஹெல்மெட் போடுங்க"ன்னு எழுதிட்டு நானும் தண்ணி கட்டப் போயிருப்பேன். முடியலை.

என் மகள் இந்த வருசம் பதினொண்ணாம் வகுப்பு. அரசுப் பள்ளிக்கூடத்துல இலவச சைக்கிள் குடுத்தாங்க. எங்க பக்கத்துல எத்தனை பொண்ணுங்க பத்தாவதோட நிக்காமப் படிச்சதுக்கு அந்தச் சைக்கிள் காரணம்னு நான் கண்ணால பாத்திருக்கேன். மூணு கிலோமீட்டர் ஊர் ரோடு, ரெண்டு கிலோமீட்டர் மெயின் ரோடு. பஸ், கரும்பு லாரி, கோழி வண்டி எல்லாம் போற ரோடு. அவளுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கினேன்.

நாலு நாள் போட்டாள். அஞ்சாம் நாள் ஹேண்டில்பார்ல தொங்குச்சு. ரெட்டைச் சடை மடிச்சு ரிப்பன் கட்டினா பின்னாடி இடிக்குது, ஸ்கூல்ல வெக்க இடமில்லை, எல்லாப் பிள்ளைகளும் "என்னடி நிலாவுக்கா போற?"ன்னு கேக்கறாங்க. காரணம் பல. சடையைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக்கலாம்னு அவங்கம்மா வழி சொன்னாள். சிரிப்புக்கு என்கிட்ட வழி இல்லை. அப்பாருக்குப் பட்டதைச் சொல்லிப் பயமுறுத்தினேன்.

அவள் என்னைப் பாத்துக் கேட்டாள். "சரிங்கப்பா. நம்ம கறவைக்கார மாமா விடியக்காலம் நாலரைக்கு இருட்டுல ஆறு கிலோமீட்டர் சைக்கிள்ல வர்றாங்க. நம்ம மாட்டைக் கறக்கத்தான வர்றாங்க. அவங்களுக்கு ஏன் வாங்கித் தரலை?"

பதில் இல்லை எனக்கு. சத்தியமாச் சொல்றேன், அது எனக்குத் தோணவே இல்லை. அப்பா விழுந்ததுக்கு அப்புறம் எங்க கறவை முழுக்க அவர் கையில. பனி, மழை, அமாவாசை எதுவானாலும் நாலரைக்குக் கட்டுத்தறியில அவர் இருப்பார். தலைல ஒரு துண்டு, அதுமேல மல்லி பறிக்கிறவங்க கட்டிக்கற மாதிரி ஒரு டார்ச் லைட். சைக்கிளுக்குப் பின்னாடி ஒரு வெளிச்சமும் இல்லை. எங்க வீட்ல ரெண்டு தலைக்கு ஹெல்மெட் வாங்கின நான், எங்க வீட்டுக்காக இருட்டுல வர்ற மூணாவது தலையைப் பாக்கலை.

அடுத்த வாரமே வாங்கிட்டு வந்து குடுத்தேன். வாங்கிக்கிட்டார், மறுக்கலை. ஆனா மாட்டலை. ஒரு வாரம் கட்டுத்தறி ஆணியில தொங்குச்சு. கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. நான் உழுந்து சாக மாட்டேனுங்க. முப்பது வருசமா மிதிக்கறேன். எனக்குப் பயம் பின்னால வர்ற வண்டிதானுங்க. போன வருசம் ஒரு காரு கண்ணாடி முழங்கையில தட்டிட்டு நிக்காமப் போயிட்டான். அதுக்கு இது என்னங்க செய்யும்? ஆரன் அடிச்சா ரோட்டை உட்டு இறங்கலாம்னு பாத்தா, இறங்க எங்கீங்க எடம்? முழங்கால் உசரத்துக்குப் பள்ளம். அதுல இறங்கித்தான் பாதிப் பேரு உழுகறாங்க. முடிஞ்சா அதுக்கு எதாச்சும் பண்ணுங்க."

அன்னைக்குக் காலைல அவர் கூடவே சைக்கிள்ல போய்ப் பாத்தேன். பல வருசம் கழிச்சு சைக்கிள். பைக்ல போறவனுக்குத் தெரியாத ஒரு விசயம் சைக்கிள்ல தெரிஞ்சுது. எங்க ஊர் ரோட்டை ஒவ்வொரு தடவை போடும்போதும் பழைய தார்மேலயே புதுத் தார் போடறாங்க. ரோடு வருசா வருசம் உசரமாகுது. பக்கத்து மண்ணு மழையில கரைஞ்சு தாழ்ந்து போகுது. ஓரத்துல அரை அடி, சில இடத்துல ஒரு அடிப் படி. கார்ல போற உங்களுக்கு அது ரோட்டோட விளிம்பு. சைக்கிள்ல போறவருக்கு அது கிணத்து மேடு மாதிரி. பின்னாடி லாரி ஆரன் அடிக்கும், இறங்கினா சக்கரம் படியில மாட்டி ரோட்டுப் பக்கமே சாய்க்கும். இறங்கலைன்னா லாரி.

இப்ப அந்த வித்தியாசத்துக்கு வரேன். அப்பா விழுந்தது ஒரு வகை. கறவைக்காரர் பயப்படறது இன்னொரு வகை. முதல் வகைக்கு ஹெல்மெட்தான் பதில். ரெண்டாவதுக்கு ஹெல்மெட் கடைசிப் பதில். முதல் பதில் ரோடு, வெளிச்சம், வண்டியோட வேகம். "ஹெல்மெட் போட்டா போதும்"னு சொல்றவரும் "ஹெல்மெட் எதுக்கு, ரோட்டைச் சரி பண்ணு"ன்னு சொல்றவரும் ஆளுக்கொரு விபத்தை மனசுல வெச்சுக்கிட்டுச் சண்டை போடறாங்க.

உலகத்துலயும் இந்தச் சண்டைதான் நடந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் 1990-ல சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் போட்டது. தலைக்காயம் குறைஞ்சுது. கூடவே சைக்கிள் மிதிக்கற வயசுப் பிள்ளைங்களும் குறைஞ்சு போனாங்க. காயம் குறைஞ்சது ஹெல்மெட்டாலயா, சைக்கிளே ஓடாததாலயான்னு இன்னும் விவாதம் ஓடுது. நெதர்லாந்துல வேற மாதிரி. 1971-ல அந்தச் சின்ன நாட்டுல ரோட்டு விபத்துல 3,000 பேருக்கு மேல செத்தாங்க. அதுல 400 பேருக்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க 'குழந்தைக் கொலையை நிறுத்து'ன்னு பேர் வெச்சுத் தெருவுல இறங்கினாங்க. வண்டி வேகத்தைக் குறைக்கவும் சைக்கிளுக்குத் தனிப் பாதை போடவும் அந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணமாச்சு. இன்னைக்கும் அங்க பெரும்பாலானவங்க ஹெல்மெட் இல்லாமத்தான் மிதிக்கறாங்க. அந்த ரோடு அவங்களுக்கு ஒரு ஹெல்மெட்.

ஆனா நம்ம ஊரு நெதர்லாந்து இல்லையே. 2022-ல இந்தியாவுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல பைக், மொபெட் ஓட்டறவங்களுக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் அதுல வராது. வரவும் வேண்டாம்னுதான் நான் நினைக்கறேன். மெயின் ரோட்டுல நின்னு, சைக்கிள்ல வர்ற கறவைக்காரரையும் செங்கல் சூளைக்குப் போறவரையும் பிடிச்சு ஆயிரம் ரூபாய் கேட்டா, அவங்க ஹெல்மெட் வாங்க மாட்டாங்க. அன்னைக்கு வேலைக்கு வர மாட்டாங்க. இல்லைன்னா கடன் வாங்கி ஒரு பழைய மொபெட் வாங்குவாங்க. என் மகளோட படிக்கற பொண்ணுங்கள்ல நாலு பேரை வீட்ல நிறுத்திடுவாங்க. சட்டத்துக்குப் பதிலா, பிள்ளைங்களுக்குக் குடுக்கற சைக்கிளோட ஒரு ஹெல்மெட்டும் ஒரு பின் லைட்டும் சேத்துக் குடுத்தா நல்லா இருக்கும். எல்லாத் தலையிலயும் இருந்தா யாரு யாரைப் பாத்துச் சிரிப்பா?

எங்க அளவுல செஞ்சதைச் சொல்றேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில ரோட்டோரப் பள்ளத்தைப் பத்தி எழுதிக் குடுத்தோம். தீர்மானம் போட்டாங்க. மெயின் ரோட்டுக்கு இன்னும் ஒண்ணும் நடக்கலை. ஊர் ரோட்டுல ரொம்ப மோசமா இருந்த ஒரு பர்லாங்கு தூரத்துக்கு, பஞ்சாயத்துல சொல்லிட்டு, நாங்க நாலு பேரு டிராக்டர்ல கிராவல் மண்ணு அடிச்சு ஓரத்தை நிரவினோம். ஐப்பசி மழையில கொஞ்சம் கரைஞ்சுது. மறுபடி அடிக்கணும். கறவைக்காரர் சைக்கிளுக்குப் பின்னாடி மினுக்கற சிவப்பு லைட் ஒண்ணு, மட்கார்டுலயும் பெடல்லயும் பளபளக்கற ஸ்டிக்கர். லைட்டு விலை நூத்தம்பது ரூபாய். ஹெல்மெட் விலையில எட்டுல ஒரு பங்கு. இதை முதல்லயே செஞ்சிருக்கணும்.

லைட்டு மாட்டின மூணாம் நாள் வந்து சொன்னார்: "இப்பத்தானுங்க தம்பி வண்டிக்காரன் என்னை உட்டு வெலகிப் போறான்." அடுத்த வாரம் பாத்தா, ஹெல்மெட்டும் தலையில இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கலை. கேட்ட விசயத்தைக் காது குடுத்துக் கேட்டா, சொல்ற விசயத்தையும் கேப்பாங்க போல. டார்ச்சை ஹெல்மெட்டுக்கு மேல இழுத்துக் கட்டியிருந்தார். துண்டு மடிச்சு கேரியர்ல.

அப்ப "எப்பவும் போடணுமா?" எங்க வீட்டுச் சட்டம் இது. அறுபது தாண்டினவங்க எப்பவும், பக்கத்து வீட்டுக்குப் போனாலும். படிக்கற பிள்ளைங்க எப்பவும். இருட்டுலயும் மெயின் ரோட்டுலயும் எல்லாரும். முதல்ல நான் 'மெயின் ரோட்டுக்கு மட்டும்'னுதான் வெச்சிருந்தேன். அப்புறம் யோசிச்சா, அப்பா விழுந்தது வண்டியே வராத வாய்க்கா மேட்டுல. மதகுக் கல்லுக்கு மெயின் ரோடு, ஊர் ரோடுன்னு வித்தியாசம் தெரியாது. என் வயசுக்காரன் பகல்ல தோட்டத்துக்குள்ள களத்துல இருந்து மோட்டார் ரூமுக்குப் போறதுக்கு? அங்க நான் போடறதில்லை. அது சரின்னு வாதாட மாட்டேன். அது என் சோம்பேறித்தனம்.

மகள் இப்பவும் ஊர் எல்லை வரைக்கும் தலையில, ஸ்கூல் பக்கம் போனதும் ஹேண்டில்பார்லன்னு ஏமாத்தறாள்னு சந்தேகம். மெயின் ரோட்டுல மாட்டறாளான்னு ஒரு நாள் பின்னாடியே போய்ப் பாத்தேன். மாட்டியிருந்தாள். கூடப் போன பிள்ளைகள்ல இன்னொரு தலையிலயும் ஒண்ணு இருந்துச்சு. யார் வீட்டுப் பொண்ணுன்னு தெரியலை. சந்தோசமா இருந்துச்சு.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு ரெண்டு விசயம். ஊர்ல உங்க அப்பாவோ தாத்தாவோ சைக்கிள்ல இருந்து விழுந்தார்னு போன்ல சொன்னாங்கன்னா, "அடி ஒண்ணும் பெருசா இல்லையே?"ன்னு கேட்டுட்டு விட்டுடாதீங்க. தலையில பட்டுச்சான்னு கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவர்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. மத்தவங்களையும் ரெண்டு மாசத்துக்குக் கவனிக்கச் சொல்லுங்க. தலைவலி, பகல் தூக்கம், மறதி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கையோ காலோ இழுக்கறது, செருப்பு நழுவுறது இதுல எது வந்தாலும் வயசுன்னு சொல்லாம ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போங்க.

ரெண்டாவது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வேட்டி சட்டையோட ஒரு சைக்கிள் ஹெல்மெட்டும் ஒரு பின் லைட்டும் வாங்கிட்டு வாங்க. பைக் ஹெல்மெட் வேண்டாம், கனமும் புழுக்கமும் தாங்காது. சைக்கிளுக்குன்னே இருக்கறது. "எதுக்குடா இந்த வெட்டிச் செலவு"ன்னு திட்டுவார். திட்டட்டும். உருமாலையைக் கழட்ட வெச்சு, புருவத்துக்கு மேல ரெண்டு விரல் வெச்சுப் பாத்து நீங்களே மாட்டி விட்டுட்டுப் போங்க. அப்புறம் உங்க வீட்டுக்கு விடியக்காலம் பாலோ பேப்பரோ போட சைக்கிள்ல வர்றவர் ஒருத்தர் இருப்பார். அவருக்கும் சேத்து வாங்குங்க. நான் மகள் சொல்லித்தான் வாங்கினேன்.